சனி, ஞாயிறு குழந்தைகளுக்கு: திட்டம் வெள்ளி இரவே முடியட்டும்!

காலை எட்டு மணிக்கு ஒலக்கூரில் கிளம்ப வேண்டியது. மயிலம் முருகனைக் கும்பிட்டுவிட்டு திருவக்கரை கல்மரப் பூங்கா. மதியச் சாப்பாடு புதுச்சேரியில். மாலையில் மரக்காணம் வழியாக வீடு. எக்ஸெல் ஷீட்டில் பதினாறு வரிசைகளில் இதை எழுதி வைத்திருந்தேன். ஒவ்வொரு இடத்துக்கும் கிலோமீட்டர், நிமிடம், செலவு என்று தனித்தனி காலம் போட்டு, கோவிலுக்கு மஞ்சள், கடலுக்கு நீலம் என்று கலரும் கொடுத்திருந்தேன். பெரியவளுக்கு மூன்றரை வயது, சின்னவனுக்கு ஒன்றே முக்கால் வயது என்ற ஒன்றைத் தவிர, அந்தத் திட்டத்தில் வேறு குறை எதுவும் இல்லை.

ஷீட்டை என் மனைவியிடம் காட்டினேன். "நாலு இடம் போட்டிருக்கீங்க. தூங்கறதுக்கு எந்த வரிசைங்க?" என்று கேட்டாள். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மயிலம் மலையடிவாரத்துக்கு கார் போய்ச் சேரவும் சின்னவன் தூங்கவும் சரியாக இருந்தது. தூங்கியவனைத் தூக்கிக்கொண்டு போனதில் விழித்து அழுதான். திருவக்கரைக்குப் போனபோது மணி பதினொன்றரை. கல்லாகிப் போன ஒரு மரத்தின் மேல் கையை வைத்த பெரியவள், "மரம் ஏன்ப்பா சுடுது?" என்று கேட்டாள். அந்த நேரத்தில் நான் போனில் புதுச்சேரி டிராபிக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "ம்" என்றேன். அவள் மறுபடி கேட்கவில்லை. பூங்காவை விட்டுக் கிளம்பிய பத்தாவது நிமிடம் சின்னவன் காருக்குள் வாந்தி எடுத்தான். புதுச்சேரியும் கிடையாது, மரக்காணமும் கிடையாது. வீடு வந்து சேர மணி இரண்டரை.

வார நாட்களில் எனக்கு சென்னையில் வேலை. வெள்ளி இரவு வந்து ஞாயிறு மாலை திரும்புகிறேன். நடுவில் உள்ள ஐந்து நாட்களும் குழந்தைகளுக்கு நான் வீடியோ காலில் வரும் அப்பா. அந்த ஞாயிற்றுக்கிழமை, நான் பாயில் உட்கார்ந்து பையில் துணி அடுக்கிக்கொண்டிருந்தேன். சின்னவன் என் போனை எடுத்து வந்து, அணைந்திருந்த அதன் திரையைத் தட்டித் தட்டி "அப்பா, அப்பா" என்று கூப்பிட்டான். எதிரில் ஒரு முழம் தள்ளித்தான் நான் இருந்தேன்.

ரயிலில் போகும்போது போனில் செட்டிங்ஸ் திறந்து டிஜிட்டல் வெல்பீயிங் பகுதிக்குப் போய்ப் பார்த்தேன். எந்த அப்ளிகேஷனை எவ்வளவு நேரம் பயன்படுத்தினோம் என்று ஆண்ட்ராய்ட் அதில் கணக்கு வைத்திருக்கிறது. சனிக்கிழமைக்கு மட்டும் 3 மணி 40 நிமிடம் காட்டியது. அதில் பாதிக்கு மேல் மேப். குழந்தைகளோடு இருக்கத்தான் வெளியே போனோம். ஆனால் அந்த நாளை போன்தான் எடுத்துக்கொண்டிருந்தது.

இது நடந்து எட்டு மாதம் ஆகிறது. நான் கம்ப்யூட்டரை விட்டுவிடவில்லை. முன்பைவிட அதிகமாகவே பயன்படுத்துகிறேன், ஆனால் வெள்ளிக்கிழமை இரவு மட்டும். உங்கள் வீட்டிலும் ஐந்து வயதுக்குள் குழந்தைகள் இருந்தால் கீழே சொல்பவை உதவலாம்.

தூக்கத்திலிருந்து தொடங்குங்கள்

ஷீட்டில் இடத்தின் பெயரை முதல் காலத்தில் எழுதாதீர்கள். குழந்தை எழுந்திருக்கும் நேரத்தை எழுதுங்கள். உலக சுகாதார நிறுவனம் 2019-ல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, ஒன்று முதல் இரண்டு வயதுக் குழந்தைக்கு பகல் தூக்கத்தையும் சேர்த்து ஒரு நாளைக்கு 11 முதல் 14 மணி நேரத் தூக்கம் வேண்டும். மூன்று, நான்கு வயதில் 10 முதல் 13 மணி நேரம். ஒரு நாள் தூக்கம் குறைந்தால் என்ன ஆகும் என்பதற்கு எந்த நிறுவனத்தின் அறிக்கையும் தேவையில்லை. அன்று மாலை ஐந்து மணிக்கு உங்கள் வீட்டிலேயே தெரிந்துவிடும்.

எக்ஸெல் இல்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் புரோகிராமைப் பயன்படுத்தலாம். ஏ2 செல்லில் குழந்தை வழக்கமாக எழும் நேரத்தை டைப் செய்யுங்கள். எங்கள் சின்னவனுக்கு 6:30. பி2 செல்லில் சமம் குறி போட்டு, ஏ2, கூட்டல் குறி, அடுத்து டைம் பங்க்ஷன், அதன் அடைப்புக்குள் 5,0,0 என்று கொடுங்கள். எழுந்ததிலிருந்து ஐந்து மணி நேரம் கழித்து வரும் நேரம், அதாவது 11.30, அங்கே தோன்றும். எண் ஏதாவது தசமப் புள்ளியோடு வந்தால் பயப்பட வேண்டாம். செல்லில் ரைட் கிளிக் செய்து பார்மட் செல்ஸ் மூலம் டைம் வகையைத் தேர்ந்தெடுத்தால் சரியாகிவிடும். எங்கள் பையன் பகல் தூக்கத்துக்குச் சாயும் நேரம் அது. ஐந்து என்பது எங்கள் வீட்டுக் கணக்கு. மூன்று நாள் கவனித்தால் உங்கள் வீட்டுக் கணக்கு கிடைத்துவிடும்.

இனி பின்னாலிருந்து கழித்துக்கொண்டு வாருங்கள். 11.30-க்குத் தூக்கம் என்றால் 11 மணிக்கு வீட்டில் இருக்க வேண்டும். குளித்து, சாப்பிட்டு, செருப்பு தேடி, மறுபடி ஒருமுறை கால் கழுவிக் கிளம்ப எட்டரை ஆகிவிடும். கையில் இருப்பது இரண்டரை மணி நேரம். போக 40 நிமிடம், வர 40 நிமிடம் என்றால் இடத்தில் மிஞ்சுவது 70 நிமிடம். எறும்பு வரிசை ஒன்றைக் கண்டால் எங்கள் பெரியவளுக்கு அதிலேயே கால் மணி நேரம் போய்விடும். ஆகவே ஒரு நாளைக்கு ஓர் இடம், அதுவும் 40 நிமிடத்துக்குள் என்று வைத்துக்கொண்டோம்.

"காரிலேயே தூங்கட்டுமே" என்று சிலர் சொல்வார்கள். காரில் தூங்குவது இருபது நிமிடக் கோழித் தூக்கம். அது மதியத் தூக்கத்தையும் கெடுத்துவிடும். பட்டுத் தெரிந்துகொண்டது.

பயண நேரம் பார்க்க கம்ப்யூட்டரில் கூகுள் மேப்ஸ் திறந்து, ஒலக்கூரிலிருந்து போகும் இடத்துக்கு டைரக்ஷன்ஸ் கேளுங்கள். மேலே லீவ் நவ் என்று இருக்கும். அதைக் கிளிக் செய்து டிபார்ட் அட் என்று மாற்றி, சனிக்கிழமை காலை எட்டரையைக் கொடுங்கள். வெள்ளி இரவு பத்து மணிக்கு ஜிஎஸ்டி சாலையில் என்ன நெரிசல் என்பது நமக்குத் தேவையில்லை. எவ்வளவு முதல் எவ்வளவு நிமிடம் வரை என்று இரண்டு எண்கள் வரும். பெரிய எண்ணை எடுத்துக்கொண்டு மேலும் பத்து நிமிடம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கணக்கில் சில நல்ல இடங்கள் அடிபட்டுப் போயின. செஞ்சிக்கோட்டை முதலில் போனது. மராட்டிய ராணுவக் கோட்டைகள் வரிசையில், தமிழ்நாட்டிலிருந்து இடம்பெற்ற ஒரே கோட்டையாக, 2025 ஜூலையில் அது உலகப் பாரம்பரியச் சின்னமானது. அந்தப் பெருமை எனக்கும் உண்டு. ஆனால் ராஜகிரி படிகளில் பன்னிரண்டு கிலோ பையனைத் தூக்கிக்கொண்டு ஏறும் பெருமை வேண்டாம். வேடந்தாங்கலும் தள்ளிப் போயிற்று. பறவைகளைச் சுடக்கூடாது என்று ஊர் மக்கள் கேட்டு 1798-ல் ஆங்கிலேயக் கலெக்டரிடம் எழுதி வாங்கிய இடம் அது. பிள்ளைகள் கதை கேட்கும் வயது வந்ததும் போவோம். பைனாகுலரின் எந்தப் பக்கத்தைக் கண்ணில் வைப்பது என்பதே இப்போது அவர்களுக்குத் தெரியாது.

சாட்டிலைட் படத்தில் நிழல் பாருங்கள்

திருவக்கரைக்கு இரண்டாம் முறை, மார்கழிக் குளிரில் ஒரு காலை நேரம் போனோம். எங்கள் 40 நிமிட எல்லையை அது சற்றுத் தாண்டுகிறது. ஆனால் பெரியவளின் கேள்விக்கு நான் பதில் பாக்கி வைத்திருந்தேன். இந்த முறை வெள்ளி இரவே மேப்ஸில் சாட்டிலைட் லேயரைப் போட்டுப் பெரிதாக்கிப் பார்த்தோம். மரங்கள் கரும்பச்சைப் பொட்டுகளாகவும், வெறும் தரை செம்மண் நிறத்திலும் தெரியும். எந்தப் பக்கம் நிழல் உண்டு, எங்கே பாய் விரிக்கலாம் என்று வீட்டிலேயே முடிவு செய்துவிட்டோம். மேப்பில் ஓர் இடத்தில் ரைட் கிளிக் செய்தால் மெஷர் டிஸ்டன்ஸ் என்ற வசதி கிடைக்கும். நுழைவாயிலில் ஒரு புள்ளி, கடைசியாகப் போக நினைக்கும் இடத்தில் ஒரு புள்ளி வைத்தால் நடை தூரம் மீட்டரில் வந்துவிடும். குழந்தையோடு போகும்போது வண்டி ஓடும் கிலோமீட்டரைவிட இந்த மீட்டர்தான் முக்கியம், ஏனென்றால் திரும்பும்போது அந்த தூரம் முழுக்க பிள்ளை உங்கள் இடுப்பில் இருக்கும்.

இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் பராமரிப்பில் உள்ள இந்தப் பூங்காவில் கிடக்கும் மரங்களின் வயது சுமார் இரண்டு கோடி ஆண்டுகள். ஆற்று வெள்ளத்தில் அடித்து வரப்பட்டு மணலில் புதைந்தவை. மண்ணுக்குள் ஊறிய நீரில் கரைந்திருந்த சிலிகா, மரத்தின் திசுக்களில் கொஞ்சம் கொஞ்சமாக ஏறி அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. கணுவும் வளையமும் அப்படியே இருக்கின்றன, தொட்டால் கல். கிளையும் வேரும் ஒட்டாமல் வெறும் அடிமரங்களாகக் கிடப்பதால்தான், அவை அங்கேயே வளர்ந்தவை அல்ல, எங்கிருந்தோ அடித்து வரப்பட்டவை என்று சொல்கிறார்கள். கீழே கிடக்கும் துண்டுகளை எடுத்து வரக்கூடாது. குழந்தைகளின் பாக்கெட்டை மட்டும் கிளம்பும்போது ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

"இது மரம் மாதிரி இருக்கிற கல்லும்மா. கல்லு வெயில்ல சுடும்ல, அதான் அன்னைக்கு சுட்டுது" என்றேன். அவள் தொட்டுப் பார்த்து, "இப்ப சில்லுன்னு இருக்கு" என்றாள். வீட்டுக்கு வந்து அவர்கள் ஆயாவிடம் நான்கு தடவை சொன்னாள்.

மேப்பை வெள்ளியன்றே இறக்கி வையுங்கள்

சனிக்கிழமை போனைத் திரும்பத் திரும்ப எடுக்காமல் இருக்க, அதில் தேட வேண்டியதை முந்தின இரவே தேடி முடிக்க வேண்டும். போனில் கூகுள் மேப்ஸ் திறந்து உங்கள் புரொபைல் படத்தைத் தட்டினால் ஆப்லைன் மேப்ஸ் என்ற பிரிவு இருக்கும். அதில் செலக்ட் யுவர் ஓன் மேப் கொடுத்து, திண்டிவனத்தை நடுவில் வைத்து, மேல்மருவத்தூர் முதல் விழுப்புரம் வரையும் செஞ்சி முதல் மரக்காணம் வரையும் அடங்குமாறு கட்டத்தை இழுத்து டவுன்லோட் செய்யுங்கள். சிக்னல் இல்லாத கிராமச் சாலையிலும் வழி காட்டும். ஆப்லைனில் கார் ஓட்டும் வழி மட்டுமே கிடைக்கும், பஸ், ரயில், நடை வழி எதுவும் வராது, டிராபிக்கும் தெரியாது என்பதை நினைவில் கொள்ளவும். டிராபிக் தெரியாதது ஒருவகையில் நல்லதுதான், பார்க்கத் தோன்றாது.

பைக்கில் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒன்பது மாதம் முதல் நான்கு வயது வரையுள்ள குழந்தையை இருசக்கர வாகனத்தில் ஏற்றினால் ஹெல்மெட்டும், ஓட்டுபவரோடு இணைக்கும் பாதுகாப்புப் பட்டையும் வேண்டும், வேகம் 40 கிலோமீட்டரைத் தாண்டக்கூடாது என்று 2022-ல் மத்திய அரசு விதி கொண்டு வந்தது. நம் பக்கத்தில் பெட்ரோல் டேங்க் மேல் குழந்தையை உட்கார வைத்து ஜிஎஸ்டி சாலையில் போகிறவர்களைத் தினமும் பார்க்கிறேன். வயிற்றைக் கலக்குகிறது.

ஒரு ரயில் போதும்

எட்டு மாதத்தில் நாங்கள் போட்ட திட்டங்களில் ஒன்றே ஒன்றைச் சொல்லுங்கள் என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். ஒலக்கூர் ஸ்டேஷனில் பாசஞ்சர் ரயில் ஏறி, பாஞ்சாலம் தாண்டி திண்டிவனத்தில் இறங்குவது. அவ்வளவுதான். அங்கே கோவிலும் இல்லை, கடையும் இல்லை. பிளாட்பார பெஞ்சில் உட்கார்ந்து, வீட்டிலிருந்து கொண்டு போன இட்லியைச் சாப்பிட்டு, கூட்ஸ் வண்டி ஒன்று வந்தால் பெட்டிகளை எண்ணுவது. பெரியவளுக்கு பத்து வரைதான் எண்ணத் தெரியும், பதினொன்றாவது பெட்டியிலிருந்து மறுபடி ஒன்று.

வாரத்துக்கு இரண்டு தடவை இந்த ஸ்டேஷன்கள் வழியாகத்தான் போய் வருகிறேன். இப்படி ஓர் இடம் என் கண்ணுக்குத் தெரிந்ததே இல்லை. அப்பா எங்கே போகிறார், எதில் வருகிறார் என்று பிள்ளைகளும் அன்றுதான் பார்த்தார்கள். "இந்த ரயில்லதான் அப்பா வர்றியா?" என்று பெரியவள் கேட்டாள். பெட்டிக்குள் ஜன்னல் ஓரம் ஒரு சீட்டைக் காட்டி, "இதுல உட்கார்ந்துதான் வருவேன்" என்றேன். அது பொய். வெள்ளி இரவில் எனக்கு சீட் கிடைப்பதில்லை, நின்றுகொண்டுதான் வருகிறேன். ஆனால் அதன் பிறகு வெள்ளிக்கிழமைகளில் வீடியோ காலில், "ஜன்னல் சீட்ல உட்காரு" என்று எனக்கு உத்தரவு வருகிறது.

ஒலக்கூரில் நிற்கும் வண்டிகள் குறைவு. ஆகவே நேரம் பார்க்காமல் கிளம்பக்கூடாது. ரயில்வேயின் என்டிஇஎஸ் வெப்சைட்டிலோ அப்ளிகேஷனிலோ லைவ் ஸ்டேஷன் என்ற பகுதியில் ஸ்டேஷன் பெயரைக் கொடுத்தால், அடுத்த சில மணி நேரத்தில் அங்கே வரவுள்ள வண்டிகள் பட்டியலாக வரும். வண்டி எங்கே வந்துகொண்டிருக்கிறது என்று அறிய ஸ்பாட் யுவர் டிரெயின். வீட்டிலிருந்து கிளம்பும் முன் ஒரே ஒரு தடவை இதைப் பாருங்கள். வண்டி அரை மணி தாமதம் என்றால் அந்த அரை மணியை வீட்டுத் திண்ணையில் கழிக்கலாம், பிளாட்பாரத்தில் குழந்தையை இழுத்துப் பிடித்துக்கொண்டு கழிக்க வேண்டியதில்லை.

முன்பதிவில்லா டிக்கெட்டை போனிலேயே எடுக்க, 2025 ஜூலையில் ரயில்வே கொண்டு வந்த ரயில்ஒன் அப்ளிகேஷன் உதவும். ஐந்து வயது நிறையாத குழந்தைகளுக்கு டிக்கெட் தேவையில்லை. பெரியவர்களுக்கு ஆகும் செலவும் ஒரு டீ விலை அளவுதான். ஆனால் நான் கவுன்டரில்தான் வாங்குகிறேன். போனில் இருக்கும் டிக்கெட்டைக் குழந்தை கையில் கொடுக்க முடியாது. கவுன்டர் டிக்கெட்டைக் கொடுத்தால் திரும்பி வரும்வரை உள்ளங்கைக்குள் வைத்திருக்கிறாள். பரிசோதகர் கேட்டால் அந்த உள்ளங்கையைப் பிரிப்பது உங்கள் பொறுப்பு.

திரும்பி வர அடுத்த பாசஞ்சருக்காகக் காத்திருந்தால் தூக்க நேரம் தாண்டிவிடும். நாங்கள் திண்டிவனத்தில் பஸ் ஏறி கூட்டு ரோட்டில் இறங்கிவிடுகிறோம். எச்சரிக்கை ஒன்று உண்டு. வைகை எக்ஸ்பிரஸ், 2023-ல் வந்த திருநெல்வேலி வந்தே பாரத் போன்ற வண்டிகள் இந்தச் சிறிய ஸ்டேஷன்களில் நிற்காமல் வேகமாகப் போகும். அறிவிப்பு கேட்டதும் பிளாட்பார ஓரத்தை விட்டுச் சுவர் பக்கம் வந்துவிடுங்கள், குழந்தையின் கையைப் பிடித்தால் போதாது, தூக்கிக்கொள்ளுங்கள். சத்தத்தில் சின்னவன் என் கழுத்தை இறுக்கிக்கொள்வான். வண்டி போன பிறகு "இன்னோன்னு" என்பான்.

வானமும் பறவையும்

வானிலைக்கு இந்திய வானிலை ஆய்வு மையத்தின் மௌசம் அப்ளிகேஷனைப் பார்க்கிறேன். கோடையில் மாலை இடி மின்னலுக்கு தாமினி. புனேயில் உள்ள வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் உருவாக்கிய இது, நாம் இருக்கும் இடத்தைச் சுற்றி 20, 40 கிலோமீட்டருக்குள் மின்னல் விழுந்தால் எச்சரிக்கும். ஏரிக்கரைக்கும் வெட்டவெளிக்கும் போகிறவர்கள் இதை வைத்திருக்க வேண்டும். நம் பகுதி மழையை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 2024 நவம்பர் 30-ஆம் தேதி இரவு பெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது, பக்கத்து மயிலத்தில் ஒரே நாளில் கொட்டியது சுமார் 50 சென்டிமீட்டர். அக்டோபர் முதல் டிசம்பர் வரை எங்கள் ஷீட்டில் எல்லாச் சனிக்கிழமைக்கும் பக்கத்தில் வீட்டுக்குள் செய்யும் வேலை ஒன்றையும் எழுதி வைக்கிறோம்.

பறவை பார்க்க ஆசைப்படுகிறவர்கள் ஈபேர்ட் வெப்சைட்டில் உங்கள் பகுதியைத் தேடினால், எந்த நீர்நிலையில் எந்தப் பறவையை எப்போது பார்த்தார்கள் என்ற பதிவுகள் கிடைக்கும். மரக்காணம் பக்கத்துக் கழுவெளி 2021-ல் பறவைகள் சரணாலயமாகி, 2024-ல் ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தது. அங்கே பறவைகள் தூரத்தில் இருக்கும். சின்னப் பிள்ளைகளுக்கு மாட்டுக்குப் பக்கத்தில் நிற்கும் உண்ணிக்கொக்கு போதும், நத்தைகுத்தி நாரை கிடைத்தால் திருவிழா. அதற்கு நம்மூர் ஏரிக்கரையே அதிகம்.

மழை நாளில் பழைய கம்ப்யூட்டர்

இரண்டு வயதுக்குள் திரையே வேண்டாம், இரண்டு முதல் நான்கு வயது வரை நாளைக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்பது மேலே சொன்ன 2019 வழிகாட்டுதல். இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் இரண்டு வயது வரை கூடவே கூடாது என்கிறது. ஆகவே இது பெரியவளுக்கு மட்டும், என் மடியில் உட்கார்ந்து, அரை மணி நேரம்.

பழைய கம்ப்யூட்டர் ஒன்று பரணில் கிடந்தால் இறக்குங்கள். டக்ஸ் பெயின்ட் என்ற இலவசப் படம் வரையும் புரோகிராம் 2002 முதல் வந்துகொண்டிருக்கிறது. விளம்பரம் கிடையாது, இன்டர்நெட் தேவையில்லை. பெரிய பட்டன்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு சத்தம். மெனுக்களைத் தமிழிலும் வைத்துக்கொள்ளலாம். புல் ஸ்கிரீனில் இயக்கிவிட்டால் குழந்தை உங்கள் பைல்களுக்குள் போய்விடும் என்ற பயமும் குறையும். மவுஸ் பிடித்துப் பழக ஜிகாம்ப்ரி என்ற இலவசத் தொகுப்பு நல்லது. அதில் மவுஸை நகர்த்தி மேலே உள்ள படத்தை அழித்தால் அடியில் ஒரு மிருகம் தெரியும். எங்கள் வீட்டில் அந்த ஒன்றை மட்டும் ஐந்து மாதமாக விளையாடுகிறோம்.

சின்னவனுக்கு, இணைப்பு இல்லாத செத்துப்போன கீபோர்டு ஒன்றைக் கொடுத்திருக்கிறேன். எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மும்முரமாகத் தட்டுகிறான். தளர்ந்த கீ எதுவும் கழன்று வாய்க்குள் போகாதபடி முதலில் எல்லாவற்றையும் இழுத்துப் பார்த்துவிடுங்கள். சந்தேகமாக இருந்தால் கொடுக்கவே வேண்டாம்.

நான்கு படம், ஒரு தாள்

பதினாறு வரிசை ஷீட் இப்போது கிடையாது. வெள்ளி இரவு, எவ்வளவு களைப்பாக வந்தாலும் இருபது நிமிடம் உட்கார்ந்து ஒரு ஏ4 தாள் தயாரிக்கிறேன். ரைட்டரில் டேபிள் மெனுவில் இரண்டுக்கு இரண்டு டேபிள் போட்டு, ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு படம். ரயில். இட்லி. பாய். குளியல் பக்கெட். கீழே சின்ன எழுத்தில் எங்களுக்காக வண்டி நேரம், கிளம்பும் நேரம், ஆட்டோக்காரரின் எண். பிரிண்ட் எடுத்து குழந்தை எட்டிப் பார்க்கும் உயரத்தில் கதவில் ஒட்டுகிறோம். படத்தை இன்டர்நெட்டில் தேட வேண்டாம், உங்கள் வீட்டுப் பாயையும் உங்கள் வீட்டு பக்கெட்டையும் போட்டோ எடுத்துப் போடுங்கள். எழுத்து தெரியாத பிள்ளையும் அந்தத் தாளைப் படித்துவிடும். "அடுத்து பாய்" என்று அவளே சொல்வதால், தூங்க வைக்கும் சண்டை எங்கள் வீட்டில் பாதியாகக் குறைந்தது. மீதிப் பாதி இருக்கிறது.

போன் பையின் அடியில், துண்டுக்குக் கீழே போய்விடும். அழைப்பு வந்தால் கேட்கும், அவ்வளவு போதும். போன சனிக்கிழமைக்கு டிஜிட்டல் வெல்பீயிங் காட்டியது 35 நிமிடம். அதில் பாதி, போட்டோ எடுத்தது.

திட்டம் எல்லா வாரமும் ஓடும் என்று நினைத்துவிடாதீர்கள். போன மாதம் ஒரு சனிக்கிழமை பெரியவளுக்குக் காய்ச்சல். தாளைக் கிழித்துவிட்டு இரண்டு நாளும் வீட்டிலேயே கிடந்தோம். நுங்கு விற்க வந்தவரிடம் வாங்கி, தோலை உரிக்கும் முன்பே சின்னவன் முழுச் சுளையையும் விழுங்கப் பார்த்ததுதான் அந்த வாரத்தின் ஒரே பரபரப்பு. நுங்கை மசித்துக் கொடுங்கள்.

வரும் சனிக்கிழமைக்கு ஏரிக்கரை. கொக்கு, வாழைப்பழம், பாய் என்று மூன்று கட்டம் நிரம்பிவிட்டது. நான்காவதில் என்ன போடலாம் என்று வீடியோ காலில் பெரியவளைக் கேட்டேன். "ஆட்டுக்குட்டி" என்றாள். எங்கள் வீட்டில் ஆடு இல்லை, எதிர்வீட்டு அக்காவிடம் இருக்கிறது. காலை பத்து மணி வரை மேய்ச்சலுக்கு ஓட்டாமல் வைத்திருக்க முடியுமா என்று கேட்டிருக்கிறேன்.